ரத்தமும் சதையுமான மன்னர்

யூதர்களிடம் எல்லாவற்றுக்கும் ஓர் ஆசிமொழி இருக்கிறது. ரொட்டியைப் பிட்கும் முன் ஒன்று, வானவில் தெரிந்தால் ஒன்று, இடி கேட்டால் ஒன்று, வசந்தத்தில் முதன்முதலாகப் பூத்த பழமரத்தைப் பார்த்தால் ஒன்று. கழிப்பறைக்குப் போய்வந்து கைகழுவியதும் சொல்ல ஒன்றுகூட உண்டு. உடம்பின் துவாரங்கள் திறக்க வேண்டிய நேரத்தில் திறந்து மூட வேண்டிய நேரத்தில் மூடுவதற்கு அதில் நன்றி சொல்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் யாரும் அதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள்.

இந்தப் பட்டியலில் அரசரைக் கண்டால் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. கேட்கும்போது அரசரை வாழ்த்துவது போலத் தெரியும். உண்மையில் அரசருக்கு அதில் ஒரு புகழ்ச்சியும் இல்லை. தன்னுடைய மகிமையில் ஒரு பங்கை ரத்தமும் சதையுமான மனிதனுக்குக் கொடுத்தவர் என்று கடவுளைத்தான் போற்றுகிறார்கள். அரசர் யானைமேல் வரலாம், கவசம் பூண்டு வரலாம். பார்க்கிறவன் வாயில் முணுமுணுப்பாக வருவது, ‘நீயும் சதைதானே’ என்பதுதான்.

அந்த ஆசிமொழியைச் சொல்வதா வேண்டாமா என்று ஒருவர் தயங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தது வாஷிங்டனில், 2009 ஜனவரி 20 அன்று. பராக் ஒபாமா பதவியேற்ற செவ்வாய்க்கிழமை. மேரிலாண்டின் சில்வர் ஸ்பிரிங்கில் அக்கா மகன் வீட்டில் தங்கியிருந்தேன். “டிவியில் இதைவிட நல்லா தெரியும் மாமா” என்று சொல்லிவிட்டு அவன் போர்வைக்குள் போய்விட்டான். பக்கத்து வீட்டு அம்மாள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஜெப ஆலயத்துப் பிள்ளைகளுக்குப் பல வருடம் எபிரேயம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வராததால் ‘டீச்சர்’ என்றே அழைத்தேன். அவருக்கும் அது பிடித்திருந்தது.

மெட்ரோவில் நின்றுகொண்டே போய், கூட்டம் இழுத்த பக்கம் நடந்து, வாஷிங்டன் நினைவுத் தூண் அருகே ஓர் இடம் பிடித்தோம். அங்கிருந்து கேபிடல் மாளிகை இரண்டு கிலோமீட்டருக்கு மேல். மைனஸ் இரண்டு டிகிரி குளிர். பதினெட்டு லட்சம் பேர் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். மூக்கின் நுனியை நான் உணராமல் போய் வெகுநேரமாகியிருந்தது. ஆனால் யாரும் யாரையும் இடிக்கவில்லை. கால் மிதித்தவனும் மிதிபட்டவனும் சேர்ந்து சிரித்தார்கள். கறுப்பினப் பாட்டி ஒருத்தி சக்கர நாற்காலியில் மூன்று கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகக் கூட்டம் தானாக விலகி, முன்னால் இருந்த ராட்சதத் திரை தெரியும்படி ஒரு சந்து விட்டுக்கொடுத்தது.

வழியெல்லாம் தொப்பி, டி-ஷர்ட், பேட்ஜ் விற்பனை. எபிரேய எழுத்தில் ஒபாமா பெயர் பொறித்த பேட்ஜ் ஒன்றை டீச்சர் தன் கோட்டில் குத்தியிருந்தார். தேர்தல் சமயத்தில் ஒபாமா பெயர் போட்ட யூதக் குல்லாய்களும் விற்றன என்றார். அந்த பேட்ஜிலிருந்துதான் பேச்சு தொடங்கியது.

ஒபாமாவே தன் பெயருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். 2004இல் பாஸ்டனில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில், அவரை நாடு முழுவதும் அறியவைத்த அந்தப் பேச்சிலேயே, தன் பெற்றோர் ‘ஆசி பெற்றவன்’ என்று பொருள்படும் ஆப்பிரிக்கப் பெயரைத் தனக்கு வைத்ததாகக் குறிப்பிட்டார். அரபியில் ‘பரகா’ என்றால் ஆசி. அது ஸ்வாஹிலி வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன சொல். கென்யாவில் பிறந்த அப்பாவின் பெயரும் அதுவே. அரபியும் எபிரேயமும் ஒரே குடும்பம் என்பதால், யூதர்கள் ஒவ்வோர் ஆசிமொழியையும் தொடங்கும் ‘பாருக்’ என்ற சொல்லுக்கும் இதே வேர்தான். 2008 மே மாதம் ஃபுளோரிடாவின் போகா ரேட்டன் நகரத்து ஜெப ஆலயம் ஒன்றில் வாக்குக் கேட்டபோது ஒபாமா இந்த உறவையும் எடுத்துச் சொன்னார். ‘ஹுசைன்’ என்ற நடுப்பெயரைக் கண்டு மிரண்டிருந்த யூத முதியவர்களுக்கு அது ஒரு சமாதானம்.

“ஆனால் இதைப் பாருங்கள்” என்று டீச்சர் கையுறையைக் கழற்றி பேட்ஜில் விரல் வைத்தார். ‘பாருக்’ என்னும் சொல்லின் கடைசி எழுத்து காஃப். பேட்ஜில் இருந்த கடைசி எழுத்தோ கோஃப். இஸ்ரேலியப் பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. கோஃப் போட்டால் அது ஆசி அல்ல, மின்னல். நமக்கு வலியும் வழியும் போல, காதுக்கு ஏறக்குறைய ஒன்று, எழுத்தில் வேறு. வேதாகமத்தின் நியாயாதிபதிகள் நூலில் வரும் சேனாபதி பாராக்கின் பெயரும் இந்த மின்னல்தான். அப்போது இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த எஹுத் பராக் பிறந்தபோது அவர் குடும்பப் பெயர் ப்ரோக். அதை மாற்றி மின்னல் என்று வைத்துக்கொண்டவர். அவர் பொறுப்பில் மூன்று வாரம் காசாவில் குண்டு விழுந்து, இரண்டு நாள் முன்புதான் நின்றிருந்தது. அந்த இடத்தில் டீச்சர் பேச்சை நிறுத்திக் கொஞ்சநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சிலேடை ஆட்டத்தில் எங்கள் பக்கத்துச் சரக்கும் ஒன்று உண்டு என்றேன். தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில், நாடகத்தில், ராஜா மேடைக்கு வருமுன் கட்டியக்காரன் கத்துவது ‘பராக்! பராக்!’ என்றுதான், கவனம், மன்னர் வருகிறார் என்று அர்த்தம், அதே சொல்லை வைத்து வேலையில்லாமல் வாய்பிளந்து நிற்பதைப் ‘பராக்குப் பார்ப்பது’ என்கிறோம், இப்போது நாம் இருவரும் செய்துகொண்டிருப்பதும் அதுதான் என்றேன். டீச்சர் சிரித்த சிரிப்பில் முன்னால் நின்ற குடும்பம் திரும்பிப் பார்த்தது. கென்யாக்காரருக்குப் பிறந்த பிள்ளையின் பெயரில் அரபிக்காரனும் யூதனும் தமிழனும் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பை வேறெந்த ஜனாதிபதியும் எங்களுக்குத் தந்ததில்லை. ஜார்ஜ் புஷ்ஷை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெயர் விளையாட்டு முடிந்ததும் டீச்சருடைய நிஜமான கவலை வெளியே வந்தது. ஜனாதிபதி மன்னர்தானா? மன்னர் என்றால் ஆசிமொழியைச் சொல்ல வேண்டும். மன்னர் இல்லையென்றால் சொல்லக்கூடாது. ஆசிமொழிக்குள் கடவுளின் பெயர் வருவதால், தேவையில்லாமல் சொன்னால் அது பாவம். இதற்கு யூதச் சட்ட அறிஞர்கள் வைத்த அளவுகோல் பயங்கரமானது. கொல்லவும் மன்னிக்கவும் அதிகாரம் இருக்க வேண்டும், அதை மறுக்க மேலே ஒருவரும் இருக்கக்கூடாது. அவரே மன்னர். அமெரிக்க ஜனாதிபதி தண்டனையை மன்னிக்கலாம். யாரையும் தூக்கில் போடச் சொல்ல முடியாது. மேலே நீதிமன்றம் இருக்கிறது, பக்கத்தில் காங்கிரஸ் இருக்கிறது. அப்படியானால் பாதி மன்னரா?

1973 முதல் 1983 வரை இஸ்ரேலில் செபார்தி யூதர்களின் தலைமை ரபியாக இருந்த ஓவதியா யோசெஃப் இதற்கு நடுவழி ஒன்று சொல்லியிருக்கிறார். ஜனாதிபதியைக் கண்டால் ஆசிமொழியைச் சொல்லலாம், ஆனால் கடவுளின் பெயர் வரும் பகுதியை விட்டுவிட வேண்டும். அவர் காலத்தில்தான், 1974 ஜூனில், ரிச்சர்ட் நிக்சன் இஸ்ரேலுக்குப் போனார். பதவியில் இருக்கும்போதே அங்கே போன முதல் அமெரிக்க ஜனாதிபதி அவர். ஆகஸ்டில் வாட்டர்கேட் விவகாரத்தில் ராஜினாமா செய்துவிட்டார். ரத்தமும் சதையும் என்று முன்னோர் எழுதிவைத்தது சும்மா இல்லை.

டீச்சருக்கு இரண்டாவது சிக்கலும் இருந்தது. நாங்கள் பார்த்தது மனிதரை அல்ல, திரையை. திரையில் பார்ப்பது பார்த்ததாகாது என்பதே பெரும்பாலான ரபிகளின் தீர்ப்பு. “மின்னலுக்கு உள்ள ஆசிமொழியைச் சொல்லிவிடுகிறேன்” என்றார். “மின்னலைப் பொறுத்தவரை யாருக்கும் சந்தேகம் கிடையாது. பெயரும் பொருந்துகிறது. ஆனால் பளிச்சென்று அடித்ததும் உடனே சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் செல்லாது.” விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் கையுறைக்குள் விரல்கள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.

திரையில் பார்ப்பதைப் பற்றிப் பேசும்போதுதான் ரவ் சேஷேத் கதையைச் சொன்னார். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான பாபிலோனிய தல்மூதின் ‘பெராகோத்’ என்ற முதல் பகுதியில் இருக்கும் கதை. ரவ் சேஷேத் கண் தெரியாத அறிஞர். மன்னர் வருகிறார் என்று ஊரே எதிர்கொள்ளப் போனபோது அவரும் கிளம்பினார். கூட வந்த ஒருவன், அவர் நம்பிக்கையைப் பழிப்பவன், கேலி செய்தான். முழுக்குடம் ஆற்றுக்குப் போகிறது, உடைந்த குடம் எதற்குப் போகிறது என்கிற மாதிரி. பொறு, உனக்கு முன்னால் நான் கண்டுபிடிப்பேன் என்றார் அவர். முதல் படை பெரும் இரைச்சலோடு கடந்தது. இதோ மன்னர் என்றான் கேலிக்காரன். இல்லை என்றார் ரவ் சேஷேத். இரண்டாவது படையும் ஆரவாரத்தோடு போனது. இல்லை. மூன்றாவது படை வந்தபோது சத்தம் அடங்கியது. இப்போது மன்னர் வருகிறார் என்று சொல்லி ஆசிமொழியைத் தொடங்கிவிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு எலியா தீர்க்கதரிசியின் கதையைக் காட்டினார். மலைமேல் பெருங்காற்று வந்தது, பூமி அதிர்ந்தது, நெருப்பு வந்தது, அவை எதிலும் கடவுள் இல்லை. பிறகு வந்த மெல்லிய ஓசையில்தான் இருந்தார். மண்ணுலக அரசும் விண்ணுலக அரசைப் போன்றதே என்பது அவர் கணக்கு.

எங்கள் கட்டியக்காரனுக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மேடையில் நிகழ்ச்சி தொடங்கியது. ரிக் வாரன் என்ற கிறிஸ்தவப் போதகர் தொடக்கப் பிரார்த்தனை செய்தார். அதில் யூதர்கள் காலையும் மாலையும் சொல்லும் ‘ஷெமா’வின் வாசகம் ஆங்கிலத்தில் வந்தது. டீச்சர் புருவம் உயர்த்தினார். அரீத்தா ஃபிராங்க்ளின் பெரிய வில் வைத்த தொப்பியோடு பாடினார். ஜோ பைடன் துணை ஜனாதிபதியாக உறுதிமொழி எடுத்தார். அப்புறம் நான்கு இசைக் கலைஞர்கள் உட்கார்ந்தார்கள். வயலின் இட்ஜாக் பெர்ல்மன், டெல் அவிவில் பிறந்த யூதர். செல்லோ யோ-யோ மா. ஜான் வில்லியம்ஸ் எழுதிய மெதுவான துண்டு ஒன்றை வாசித்தார்கள். பதினெட்டு லட்சம் பேரும் அடங்கிப் போனார்கள்.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு. அமெரிக்க அரசியல் சாசனத்தின் 20ஆம் திருத்தப்படி, பழைய ஜனாதிபதியின் காலம் ஜனவரி 20 நண்பகலில் முடிந்து புதியவரின் காலம் தொடங்கிவிடும். நிகழ்ச்சி தாமதமாகிவிட்டதால் உறுதிமொழிக்கு இன்னும் நேரம் இருந்தது. வயலின் ஓடிக்கொண்டிருந்தபோதே அதிகாரம் கைமாறிவிட்டது. யாரும் ஊதவில்லை, கத்தவில்லை. ஒபாமாவே பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சரின் உதடு அசைந்தது. கடவுளின் பெயரை விட்டுவிட்டுச் சொன்னாரா, சேர்த்துச் சொன்னாரா என்று நான் கேட்டேன். “அதைக் கேட்கக்கூடாது” என்றார்.

பிறகு நடந்த உறுதிமொழியில் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஒரு சொல்லை இடம் மாற்றிச் சொல்லிவிட, மறுநாள் வெள்ளை மாளிகையில் மறுபடி ஒருமுறை எடுக்க வேண்டியதாயிற்று. வானத்தைப் பிளக்கும் ஆரவாரம் அந்தத் தடுமாறிய உறுதிமொழிக்குத்தான் கிடைத்தது. ரவ் சேஷேத் நின்றிருந்தால் சிரித்திருப்பார். இன்னொன்றும் பிறகு வெளியானது: குளிரில் தந்திகள் சுருதி நிற்காது என்பதால் அன்று நாங்கள் கேட்ட இசை முன்பே பதிவு செய்தது. கலைஞர்கள் அதற்கு ஏற்பக் கையசைத்திருக்கிறார்கள். டீச்சரிடம் இதைச் சொன்னபோது, ஆசிமொழி மன்னருக்குத்தான், வயலினுக்கு இல்லை என்று முடித்துவிட்டார்.

அன்று இரவு டீச்சர் வீட்டில் சாப்பாடு. கோழிச் சூப்பும் நண்பர்கள் கூட்டமும். மேசையில் சிலேடை மழை. அவர்களில் ஒருவர் காகிதத்தில் ஒபாமா என்று எபிரேயத்தில் எழுதினார். அலெஃப், வாவ், பேத், மேம், ஹே: ஐந்து எழுத்து. இரண்டாம் எழுத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டார். ‘ஓ’ என்றால் அல்லது. ‘பமா’ என்றால் மேடை. முதல் பெயரையும் சேர்த்துப் படித்தால், ‘மின்னல், அல்லது மேடை’. மனிதர் மின்னலா, வெறும் மேடைப் பேச்சா என்பது நாலு வருடத்தில் தெரிந்துவிடும் என்றார் அவர். வேதாகம காலத்தில் அதே ‘பமா’ மலைமேட்டுப் பலிபீடத்துக்கும் பெயர். யூதாவின் அரசர்கள் பலரைப் பற்றி, நல்லவர்தான், ஆனால் மேடைகளை அகற்றவில்லை என்றே ராஜாக்கள் நூல் மதிப்பெண் போடுகிறது. காளமேகப் புலவரை அந்த மேசையில் உட்கார வைத்திருந்தால் விடியும்வரை எழுந்திருக்க மாட்டார்.

சேனாபதி பாராக்கையும் விடவில்லை. தெபொராள் என்ற தீர்க்கதரிசினி அவனைப் போருக்குப் போகச் சொன்னபோது, நீ கூட வந்தால் போவேன், இல்லாவிட்டால் போகமாட்டேன் என்றவன் அவன். அப்படியானால் வெற்றியின் பெருமை ஒரு பெண்ணுக்குத்தான் போகும் என்று அவள் எச்சரித்தாள். அப்படியே ஆயிற்று. எதிரிச் சேனாபதியைக் கூடாரத்தில் கொன்றவள் யாகேல் என்ற பெண். “நம்ம பராக்கும் தனியாகப் போகவில்லையே, ஹிலாரியை வெளியுறவு அமைச்சராகக் கூட்டிக்கொண்டுதானே போகிறார்” என்றார் இன்னொருவர். அடுத்த நாள் செனட் ஹிலாரி கிளின்டனை அந்தப் பதவிக்கு உறுதி செய்தது.

இந்த விளையாட்டின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே 2009இல் இணையத்தில் ஒரு வீடியோ சுற்றியது. சாத்தான் மின்னலைப் போல வானத்திலிருந்து விழுந்ததாக லூக்கா சுவிசேஷத்தில் வரும் வசனத்தை எபிரேயத்தில் மாற்றினால் மின்னல், உயரம் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து ஒபாமாவின் பெயராகிறதாம். ஆகவே அவர்தான் அந்திக்கிறிஸ்துவாம். லூக்கா எழுதப்பட்டது கிரேக்கத்தில் என்பது அந்த வீடியோக்காரர்களுக்குத் தடையாக இல்லை. ஒரே எழுத்துகளை வைத்துச் சாப்பாட்டு மேசையில் சிரிக்கவும் செய்யலாம், ஒருவர் மேல் சேறு பூசவும் செய்யலாம். மேசைக்காரர்கள் விளையாட்டு என்று தெரிந்து விளையாடினார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது.

அடுத்த நாட்களில் நானாகவே ஊர் சுற்றினேன். ஆறாம் தெருவும் ஐ தெருவும் சந்திக்கும் மூலையில் குவிமாடத்தோடு ஒரு ஜெப ஆலயம் இருக்கிறது. 1908இல் கட்டியது. யூதர்கள் நகரத்தின் வேறு பகுதிக்குக் குடிபெயர்ந்ததும் 1951இல் கறுப்பினத்தவரின் மெதடிஸ்ட் சர்ச் ஒன்று அதை வாங்கி, அரை நூற்றாண்டு காலம் அங்கே பாடித் தொழுதது. அவர்கள் விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மறுபடி யூதர்கள் வாங்கி 2004இல் திறந்தார்கள்.

அதற்கும் முந்தைய, சின்னஞ்சிறு செங்கல் கட்டடம் ஒன்று அப்போது மூன்றாம் தெரு, ஜி தெரு முனையில் அருங்காட்சியகமாக இருந்தது. மெட்ரோ தலைமையகம் கட்ட இடம் கேட்டபோது, 1969இல் கட்டடத்தை அப்படியே பெயர்த்துச் சக்கரத்தில் ஏற்றி மூன்று தெரு தள்ளி வைத்திருக்கிறார்கள். பின்னர் இன்னும் இரண்டு முறை நகர்ந்து, 2023இல் திறந்த தலைநகர யூத அருங்காட்சியகத்தின் பகுதியாகிவிட்டது. 1876 ஜூன் 9 அன்று இதன் திறப்பு விழாவுக்கு ஜனாதிபதி யுலிசிஸ் கிராண்ட் வந்தார். ஜெப ஆலயத் திறப்பில் கலந்துகொண்ட முதல் அமெரிக்க ஜனாதிபதி. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்து, பத்து டாலர் நன்கொடையும் அறிவித்தார். இதே கிராண்ட், உள்நாட்டுப் போரின்போது 1862 டிசம்பரில், தன் படைப் பிரதேசத்திலிருந்து யூதர்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று ஆணை போட்ட தளபதி. லிங்கன் அடுத்த மாதமே அதை ரத்து செய்ய வைத்தார். விரட்டியவர் விருந்தாளியாக வந்தபோது எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று அந்த மரத் தரையில் நின்று யோசித்தேன். மரியாதையாகத்தான் வரவேற்றிருக்கிறார்கள்.

பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்திலேயே, நீங்கள் வாழும் ஊரின் நலத்துக்காக வேண்டுங்கள், அதன் நலத்தில்தான் உங்கள் நலம் என்று இருக்கிறது. அரசின் மேல் பயம் இல்லாவிட்டால் மனிதர் ஒருவரையொருவர் உயிரோடு விழுங்கிவிடுவார்கள், ஆகவே அரசுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்றார் ரோமர் காலத்து ரபி ஒருவர். தல்மூது அதற்குக் கடல் மீனை உவமை சொல்கிறது. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் நம்முடைய மச்ச நியாயமேதான்.

டீச்சர் ஒரு பழைய பிரார்த்தனைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். சில நூற்றாண்டுகளாக உலகின் பல ஜெப ஆலயங்களில் மன்னருக்காகச் சொல்லப்பட்ட ‘ஹனோதேன் தெஷுவா’ என்ற பிரார்த்தனை அதில் இருந்தது. 1290இல் யூதர்களை விரட்டிய இங்கிலாந்து மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1655இல் அதன் ஆட்சியாளர் கிராம்வெல்லிடம் மனு கொடுத்த ஆம்ஸ்டர்டாம் ரபி மெனாசே பென் இஸ்ரேல், நாங்கள் மன்னருக்காக வேண்டுகிறவர்கள் என்பதற்குச் சாட்சியாக இதையே காட்டினார். அரசர்களுக்கு வெற்றி தருபவரே என்று 144ஆம் சங்கீதத்து வரியோடு தொடங்கும். தூய ராஜவிசுவாசம். ஆனால் அந்தச் சங்கீதத்தை மனப்பாடமாக அறிந்தவனுக்கு அடுத்த வசனம் தானாக நினைவுக்கு வரும். பொய் பேசும் அந்நியர் கையிலிருந்து என்னை விடுவியும் என்பதே அதன் சாரம். வாய் முதல் வசனத்தைச் சொல்ல, மனசு அடுத்த வசனத்தைச் சொல்லிக்கொள்ளும். அரசவை ஒற்றனுக்கு ஒன்றும் புரியாது. ஆய்வாளர்களில் சிலர் இதைத் திட்டமிட்ட மறைபொருள் என்றே சொல்கிறார்கள். நானும் அந்தக் கட்சி. துரத்தப்பட்ட ஜனங்களுக்குச் சிலேடை பொழுதுபோக்கு மட்டும் இல்லை.

அமெரிக்காவில் ஒளித்துச் சொல்ல வேண்டிய தேவை குறைந்தது. 1789இல் வாஷிங்டன் முதல் ஜனாதிபதியானபோது, வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பெத் ஷலோம் என்ற சபை நாட்டுக்காகப் புதிதாக ஒரு எபிரேயப் பிரார்த்தனை எழுதியது. அதில் அடுத்தடுத்த வரிகளின் முதலெழுத்துகளைக் கோத்துப் படித்தால் வாஷிங்டன் என்று வரும். சாபத்தை ஒளித்துவைத்த வித்தையைக் கொண்டு இப்போது வாழ்த்தைப் பொதிந்தார்கள்.

அடுத்த வருடம் வாஷிங்டன் ரோட் தீவின் நியூபோர்ட்டுக்குப் போனார். நானும் பிராவிடென்ஸ் வரை ரயில், அங்கிருந்து பஸ் என்று போய்ச் சேர்ந்தேன். கடற்காற்று காதைப் பிய்த்தது. 1763இல் கட்டிய டூரோ ஜெப ஆலயம் தெருவுக்குக் கோணலாக நிற்கிறது. தெருவை மதிக்காமல் ஜெருசலேம் இருக்கும் கிழக்கைப் பார்த்துக் கட்டியதால் வந்த கோணல். வெளியே எளிமை. உள்ளே பன்னிரண்டு தூண்கள் பெண்கள் மாடத்தைத் தாங்குகின்றன, பன்னிரண்டு கோத்திரங்களுக்காக. மெழுகுவத்தி விளக்குகள், வெள்ளைச் சுவர். அவ்வளவு வெளிச்சமான தொழுமிடத்தை நான் பார்த்ததில்லை.

1790 ஆகஸ்டில் நியூபோர்ட்டில் சபையின் தலைவர் மோசஸ் செய்க்ஷஸ் ஜனாதிபதிக்கு ஒரு வரவேற்பு மடல் வாசித்தார். மதவெறிக்கு இடம் கொடுக்காத, துன்புறுத்தலுக்குத் துணை போகாத அரசு இது என்று அதில் புகழ்ந்திருந்தார். அரசு உண்மையில் அப்படித்தான் இருந்ததா என்பது வேறு கேள்வி. வாஷிங்டன் எழுதிய பதிலில் செய்க்ஷஸின் அதே சொற்களைத் திருப்பி எழுதினார். புகழ்ந்தவரின் சொல் ஜனாதிபதியின் வாக்குறுதியாகிவிட்டது. தொல்காப்பியம் சொல்லும் வாயுறை வாழ்த்து இதுதான் என்று அந்தக் குளிரில் எனக்குத் தோன்றியது: வாழ்த்துக்குள் அறிவுரையை வைத்துக் கொடுப்பது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்தக் கடிதத்தை இங்கே உரக்க வாசிக்கிறார்கள். ஆனால் அன்று நியூபோர்ட் அடிமை வணிகத் துறைமுகம். இந்த ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியவர்களில் ஒருவரான ஆரோன் லோபஸும் அந்த வணிகத்தில் ஈடுபட்டவர். கடிதம் எழுதிய வாஷிங்டன் வீட்டிலும் அடிமைகள். கடிதத்தின் அழகைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நியூபோர்ட்டுக்குப் போகும் முன்பே, பதவியேற்புக்குப் பிந்தைய சனிக்கிழமை, டீச்சரோடு சில்வர் ஸ்பிரிங் ஜெப ஆலயத்துக்குப் போயிருந்தேன். தோரா வாசிப்பு முடிந்ததும் நாட்டுக்கான பிரார்த்தனை. ஒபாமாவின் பெயர் எப்படி வரப்போகிறது, காஃபா கோஃபா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவே இல்லை. நியூயார்க்கின் யூத இறையியல் கல்லூரியில் தல்மூது கற்பித்த லூயிஸ் கின்ஸ்பர்க் எழுதி, 1927இல் பிரார்த்தனைப் புத்தகத்தில் அச்சான வாசகம் அது. ஜார் மன்னர் ஆட்சியில் இருந்த லித்துவேனியாவில் பிறந்தவர் கின்ஸ்பர்க். தலைவருக்கு வெற்றி கொடு என்று அவர் கேட்கவில்லை. நாட்டுக்கும் அதன் அரசுக்கும், தலைவருக்கும் ஆலோசகர்களுக்கும், நியாயமாக அதிகாரம் செலுத்தும் எல்லோருக்கும் ஆசி கேட்கிறார். நீதியின் வழியை அவர்களுக்குக் கற்றுக்கொடு என்கிறார். யாருடைய பெயரும் இல்லை. மன்னருடைய பெயரை உச்சரித்து வாழ்த்தும் வழக்கம் உள்ள பிரிட்டிஷ் ஜெப ஆலயங்கள் 2022 செப்டம்பரில் எலிசபெத்தை எடுத்துவிட்டு சார்லஸைப் போட வேண்டியிருந்தது. கின்ஸ்பர்க் எழுதியதில் 2009லும் சரி, 2017லும் 2021லும் 2025லும் சரி, தலைவர் மாறினார் என்பதற்காக ஒரு சொல்லையும் மாற்றவேண்டிய அவசியம் வரவில்லை.